கிலோமீட்டர் 178

ஏழு கழிவறைகள் என் பொறுப்பில்.
முதலாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் சரளைச் சாலை,
ஒரே ஒரு பெட்ரோல் பங்க்,
மரங்கள் நின்றுவிடும் இடம் ஒன்று,
அதற்கப்பால் காற்று மட்டும்.

செவ்வாய்தோறும் கிளம்புவேன்.
வண்டியில் காகிதச் சுருள் நாற்பது,
மண்வாரி இரண்டு, கடப்பாரை ஒன்று.
கீலுக்குப் போடும் எண்ணெய் என் கோட்டுக்குள், நெஞ்சோடு ஒட்டி.
வெளியே வைத்தால்
எண்ணெயும் அசைய மாட்டேன் என்கும்.

கடப்பாரை எதுக்கு என்று
மகளின் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்.
(பெற்றோர் தம் வேலையைப் பற்றிப் பேசும் நாள் அது.
எனக்கு முன்னால் பேசியவர் விமானி.)
சொன்னேன்:
கோடையில் குழிக்குள் விழுவது பரவிக்கொள்ளும்.
மைனஸ் நாற்பதில்
விழுந்தது விழுந்தபடி உறையும்.
அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது.
ஜனவரிக்குள் கோபுரம்.
லாரிக்காரர்கள், ஊர் ஊராகப் போகும் நீதிபதி,
வடக்கத்தி ஒளி பார்க்க வந்த புதுமண ஜோடி,
கரிபு வேட்டைக்குப் போகும் என் சித்தப்பா,
யார் பங்கு எது என்று பிரிக்க முடியாது.
அது இருக்கையைத் தொடுவதற்குள்
நான் போய்ச் சாய்த்தாக வேண்டும்.

வகுப்பே உருண்டு சிரித்தது.
டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
மகள் வீடு வரும்வரை பேசவில்லை.

இருக்கை, நீலத் தெர்மோகோல் பலகை.
நானே அறுத்துப் பொருத்தினேன், ஏழுக்கும்.
பிளாஸ்டிக் தோலைக் கவ்வினால் விடாது.
இது, உட்கார்ந்த மறுநொடி
உங்கள் சூட்டை உங்களுக்கே திருப்பித் தரும்.
வைட்ஹார்ஸ் அலுவலகத்து நாற்காலி எதுவும்
எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரியில்
மூன்று நாள் சாலையை மூடினார்கள்.
நான்காம் நாள் பனிவாரி வண்டியின் பின்னாலேயே போனேன்.
நூற்று எழுபத்தெட்டில் கதவு பாதிவரை புதைந்திருந்தது.
தடம் ஏதுமில்லை.
தோண்டி முடித்துக் கைப்பிடியை இழுத்தேன்.
உள்ளே தாழ்.
கீல்தான் உறைந்திருக்கும் என்று
கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"ஆள் இருக்கு"
என்றது ஒரு குரல்.

எத்தனை கதவுக்குப் பின்னாலிருந்து
எத்தனை எரிச்சலோடு கேட்டிருக்கிறேன் அந்தச் சொல்லை.
அன்றைக்குக் கால் மடங்கிப்
பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓரின் பென்னல், டீசல் டேங்கர் ஓட்டுபவன்.
இரண்டு வளைவு தள்ளி வண்டி பள்ளத்தில்,
கண்ணாடி உடைந்து, எஞ்சின் செத்து.
கோட்டுக் கைக்குள், கால்சட்டைக்குள், தொப்பிக்குள்
என் காகிதத்தைத் திணித்துக்கொண்டு
வைக்கோல் பொம்மை மாதிரி நின்றான்.
கதவிடுக்கெல்லாம் காகிதம்.
காபி டப்பாவில் எரித்தது போக
மிச்சம் அரைச் சுருள்.
அதை என்னிடம் நீட்டி
மன்னிப்புக் கேட்டான்.

மருத்துவமனையில் இரண்டு விரல் போயிற்று.
மற்றவை தங்கின.

அடுத்த செவ்வாய் அங்கே வேலை பாக்கி இருந்தது.
விளக்கடித்துக் குழியைப் பார்த்தேன்.
கோபுரம் ஒரு விரற்கடைகூட உயர்ந்திருக்கவில்லை.
மூன்று நாள்
வயிற்றில் ஒன்றும் இல்லாமல்தான்
இருந்திருக்கிறான்.
அவன் அதைச் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அலுவலகத்திலிருந்து போன்.
"வெர்னா, நூற்று எழுபத்தெட்டில்
ஒரே வாரத்தில் பத்தொன்பது சுருளா?
காரணம் என்ற கட்டத்தில்
'ஆள் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள்."
ஆமாம் என்றேன்.
அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை கேட்டது.
அடுத்த மாதமும் நாற்பதுதான் அனுப்பினார்கள்.

இப்போது ஏழிலும்,
பறவைத் தடம்கூட இல்லாத பனியிலும்,
திறக்குமுன் தட்டுகிறேன்.
பதில் வராது.
கொஞ்சம் நின்றுவிட்டுத்தான்
கடப்பாரையை எடுக்கிறேன்.